ஜெஃபைர் காருக்குள்ள ரெக்கார்டு பிளேயரும் நான் கழட்டி எறிஞ்ச எட்டு தோல் வாஷரும்

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல இருக்கிற சாட்ஸ்வொர்த் யூனிட் 5ல ஒரு தாத்தா இருக்காரு, வயசு எண்பத்தொண்ணு. அவர் வீட்டு ஏசிக்கு கேஸ் ஏத்தப் போனப்பதான் கேரேஜ்ல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்த காரைப் பாத்தேன். ஃபோர்டு ஜெஃபைர் மார்க் 2, ஆறு சிலிண்டர், 2553 சிசி, ஸ்டீரிங் பக்கத்துலயே கியர். தாத்தாவோட அப்பா 1961ல டர்பன்ல வாங்கினது. இங்க பழைய ஜெஃபைர் ஒண்ணும் அதிசயம் இல்ல, ஞாயித்துக்கிழமை ஷோவுக்குப் போனா நாலஞ்சு நிக்கும். நான் அசந்து நின்னது வேற ஒண்ணுக்கு. டேஷ்போர்டுக்குக் கீழ, பக்கத்து சீட்டுக்காரர் முட்டி இடிக்கிற இடத்துல, ஒரு தகரப் பெட்டி தொங்குது, முன்னாடி போஸ்ட் பாக்ஸ் வாய் மாதிரி ஒரு நீள ஓட்டை. இது என்ன தாத்தா ஹீட்டரான்னு கேட்டேன். "ஹீட்டர் இல்ல தம்பி, கிராமபோன்"னாரு.

டிராயர்ல இருந்து ஒரு சின்ன ரெக்கார்டை எடுத்துட்டு வந்து அந்த வாய்க்குள்ள தள்ளிக் காட்டினாரு. டக்குன்னு ஒரு ஸ்பிரிங் சத்தம், அவ்வளவுதான், வேற ஒண்ணும் நடக்கல. கடைசியா பாடினது 1974லயோ 75லயோன்னு ஞாபகம்னாரு. ஏசிக்குப் போனவன் அந்தப் பெட்டியையும் மடியில வச்சுக்கிட்டு இசிப்பிங்கோ திரும்பினேன், வீட்டுல என்ன வரவேற்பு கிடைச்சிருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல.

காருக்குள்ள ரெக்கார்டு பிளேயரான்னு சிரிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 1956 மாடல்லயே அமெரிக்காவுல கிரைஸ்லர்காரங்க ஹைவே ஹைஃபைன்னு ஒண்ணைக் குடுத்தாங்க, எல்பி ரெக்கார்டுக்குப் பின்னாடி இருந்த அதே பீட்டர் கோல்ட்மார்க்தான் அதையும் செஞ்சாரு. ஏழு இஞ்ச் தட்டு, நிமிஷத்துக்கு 16⅔ சுத்து, ஒரு பக்கமே முக்கால் மணி நேரம் பாடும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ரெக்கார்டு வேற எந்த மெஷின்லயும் பாடாது, அந்த ஒரு கம்பெனி போடுற ரெக்கார்டைத் தவிர வேற எதுவும் அதுலயும் பாடாது. கல்யாண வீட்டுல நமக்குப் பிடிக்காத பாட்டையே திரும்பத் திரும்பப் போடுவாங்க பாருங்க, அந்த நிலைமை. சில வருஷத்துல மூட்டை கட்டிட்டாங்க. 1960ல ஆர்சிஏ கம்பெனியோடது ஒண்ணு வந்துச்சு, நிமிஷத்துக்கு 45 சுத்து சுத்துற சாதாரண 45 ரெக்கார்டையே பதினாலு அடுக்கிப் போடலாம். ஐரோப்பாவுல பிலிப்ஸோட ஆட்டோ மிக்னான், அதுல ஒரே ஒரு 45 ரெக்கார்டை வாய்க்குள்ள தள்ளணும். பால் மெக்கார்ட்னியோட ஆஸ்டன் மார்ட்டின் டிபி5லயும் ஜான் லெனனோட ரோல்ஸ் ராய்ஸ்லயும் இருந்தது இந்த மிக்னான்தான். தாத்தாவோட பெட்டியில பேர் பட்டை எப்பவோ விழுந்திருச்சு, ரெண்டு ஆணி ஓட்டைதான் மிச்சம், ஆனா ஜாதி இதே ஜாதிதான், வாய்க்குள்ள தள்ளு, அதுவா பாடும், முடிஞ்சா வெளிய துப்பும்.

அப்பல்லாம் இங்க பெரும்பாலும் கார் கம்பெனியில இருந்து ரேடியோவே வராது. ரேடியோ, ஹீட்டர், ஸ்பாட் லைட் எல்லாம் டீலர்கிட்ட சொன்னா அவங்க கேரேஜ்ல மாட்டிக் குடுப்பாங்க. இந்தப் பெட்டியும் அப்படி வந்ததுதான். இதுல ஒரு சிக்கல் இருக்கு, அது எனக்கு லேட்டாத்தான் உறைச்சது. டீலர் மாட்டின சாமானுக்கு காரோட ஒர்க்ஷாப் மேனுவல்ல வயரிங் படம் இருக்காது. பெட்டி செஞ்சவனுக்கு இந்தக் காரைத் தெரியாது, காரைச் செஞ்சவனுக்கு இந்தப் பெட்டியைத் தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அன்னைக்கு ஸ்பேனர் பிடிச்சவன்தான்.

பெஞ்ச் வேலையில இருந்து சொல்றேன். மூடியைக் கழட்டினா உள்ள அறுபது வருஷ தூசி, ஒரு ஹேர்பின், பழைய ஒரு சென்ட் காசு. மோட்டார்ல இருந்து தட்டுக்குப் போற பெல்ட் கருப்பட்டிப் பாகு மாதிரி உருகி புல்லியில ஒட்டிக் கிடக்கு, ஸ்பிரிட்டுல பஞ்சை நனைச்சு துடைச்சே ஒரு மணி நேரம் போச்சு. புது பெல்ட்டுக்கு ஜேக்கப்ஸ் ஏரியாவுல ஹைட்ராலிக் சாமான் விக்கிற கடைக்குப் போய் நைட்ரைல் ஓ-ரிங் வாங்கினேன். பழையதோட சுத்தளவு தெரியாது, அது பாகாயிடுச்சே, அதனால புல்லி மேல நூலைச் சுத்தி அளந்து அதுல அஞ்சு சதவீதம் குறைச்சு மூணு சைஸ் எடுத்தேன். நடு சைஸ் பொருந்திச்சு. கடைக்காரர் எந்த மெஷினுக்குன்னு கேட்டாரு, கிராமபோனுக்குன்னு சொன்னதும் மூணையும் சும்மா எடுத்துட்டுப் போன்னாரு.

மோட்டார் முதல்ல அசையல. இந்த மாதிரி மோட்டார்ல ஸ்பீடை ஒரே அளவா வைக்கிறதுக்கு ஒரு கவர்னர் இருக்கும், தண்டோட சேர்ந்து சுத்தற ஒரு குட்டி காண்டாக்ட், வேகம் கூடினா வெளிப்பக்கமா விலகி கரண்ட்டை வெட்டும், குறைஞ்சா ஒட்டிக்கும், செகண்டுக்குப் பல தடவை இந்த வேலை நடக்கும். அந்தக் காண்டாக்ட் கறுத்துப் போயிருந்துச்சு. விசிட்டிங் கார்டு ஒண்ணை ஸ்பிரிட்ல நனைச்சு நடுவுல விட்டு இழுத்தேன். உப்புத்தாள் போடாதீங்க, மேல் பூச்சு போயிட்டா அப்புறம் அது திரும்பத் திரும்பக் கறுக்கும். எண்ணெய் ரெண்டு சொட்டு. 12 வோல்ட் குடுத்தேன், முனகிக்கிட்டு கிளம்பிருச்சு.

ஸ்பீடு சரி பாக்க 133 கோடு போட்ட ஒரு வட்டப் பேப்பரை பிரிண்ட் எடுத்து தட்டு மேல வச்சேன். இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் லைட் செகண்டுக்கு நூறு தடவை மின்னும், அப்ப நிமிஷத்துக்கு ஆறாயிரம், அதை 45ஆல வகுத்தா 133 சொச்சம். கோடு நகராம நின்னா ஸ்பீடு கரெக்ட். கோடு மெதுவா நிக்க ஆரம்பிச்ச நேரம் பாத்து லோட் ஷெடிங், தெருவே இருட்டு. பேட்டரியில மோட்டார் மட்டும் ஜோரா ஓடிக்கிட்டு இருக்கு. போன் டார்ச்சை என் பையன் பிடிச்சுக்க, தட்டுல ஒரு வெள்ளை டேப் துண்டு ஒட்டி, நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு நானே எண்ணினேன், கவர்னர் ஸ்க்ரூவை முடி அளவு திருப்பறது, மறுபடி எண்றது, இப்படியே ஏழெட்டு ரவுண்டு. 45க்கு வந்து நின்னுச்சு. கரண்ட் வந்ததும் பேப்பரைப் பாத்தா கோடு அசையவே இல்ல, அந்தப் பெருமையில ரெண்டு நாள் சுத்திக்கிட்டு இருந்தேன்.

ஊசிதான் செத்திருந்துச்சு, அதாவது ஊசியைப் பிடிச்சிருக்கிற கார்ட்ரிட்ஜ். உள்ள இருக்கிறது ரோஷல் உப்புன்னு ஒரு கிரிஸ்டல், அழுத்தினா மின்சாரம் குடுக்கும், பொட்டாசியமும் சோடியமும் சேர்ந்த டார்ட்ரேட் உப்பு. உப்புன்னு பேர்லயே இருக்கே, டர்பன் கடல் காத்துல நம்ம வீட்டு உப்பு டப்பாவே கட்டி தட்டிப் போகுது. அதுக்கும் மேல அந்தக் கிரிஸ்டல் 55 டிகிரி சூட்டுல சிதைய ஆரம்பிச்சிரும். ஜனவரி மாசம் கண்ணாடி ஏத்திவிட்டு வெயில்ல நிறுத்தின காருக்குள்ள டேஷ்போர்டு எத்தனை டிகிரிக்குப் போகும்னு தொட்டுப் பாத்தவங்களுக்குத் தெரியும். குளிர் நாட்டுக்காரன் யோசிச்சு செஞ்ச சாமான், இங்க அது தாங்காது. பதிலுக்கு சூட்கேஸ் பிளேயர்ல வர்ற சிவப்பு செராமிக் கார்ட்ரிட்ஜ் ஒண்ணை ஒரு சின்ன அலுமினியத் தகடு வளைச்சு மாட்டினேன். சத்தம் கொஞ்சம் கம்மி, ஆனா வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையாது.

ஊசியோட அழுத்தம் இன்னொரு கதை. வீட்டு பிளேயர்ல கை தன்னோட எடையில ரெக்கார்டு மேல உக்காரும். காருக்குள்ள அது நடக்காது, மேடு ஏறினா சாயும், பள்ளத்துல குதிக்கும். அதனால கையை ரெண்டு பக்கமும் சம எடையாக்கிட்டு ஒரு ஸ்பிரிங் வச்சு ரெக்கார்டு மேல அமுக்கி இருக்கான். வீட்டுக்காரம்மா சமையல் தராசைத் திருடி அளந்தேன், 18 கிராம். நல்ல வீட்டு பிளேயர்ல ரெண்டு மூணு கிராம் இருந்தா போதும். பதினெட்டுன்னா பாட்டு கேக்கறதில்ல, உழவு. ஸ்பிரிங்கை ஒரு கண்ணி தள்ளி மாட்டி 12க்குக் கொண்டு வந்தேன், 9ல ஸ்பீட் ஹம்ப்ல துள்ளுது. இதுக்கு மேல இறங்க மனசு வரல. (தராசு இன்னும் என் பெஞ்ச்லதான் இருக்கு.)

பெஞ்ச்ல எல்லாம் அருமையா பாடிச்சு. வந்த வினை மாட்டும்போதுதான்.

பெட்டியைக் கழட்டினப்பவே ஒரு விஷயம் கவனிச்சேன். டேஷுக்குக் கீழ ஒரு இரும்பு பிராக்கெட், அதுல நாலு போல்ட்ல பெட்டி தொங்குது, ஒவ்வொரு போல்ட்டுக்கும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு தோல் வாஷர், கையால வெட்டினது, வட்டமாவும் இல்ல சதுரமாவும் இல்ல. போல்ட்டைச் சுத்தி சைக்கிள் வால்வ் ட்யூப் மாதிரி ஒரு ரப்பர் வேற. தோல் காஞ்சு விரிசல் விட்டு எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆட்டம் தெரியக்கூடாதுன்னு எவனோ வச்ச முட்டுன்னு நெனச்சு எட்டையும் குப்பையில போட்டுட்டு, பளபளன்னு புது ஸ்டீல் வாஷர், ஸ்பிரிங் வாஷர் எல்லாம் வாங்கி வச்சேன். பெட்டியோட முதுகுல சிவப்பு பெயிண்ட்ல ஒரு பெருக்கல் குறி இருந்துச்சு, பெயிண்ட் சிந்தினதுன்னு தின்னர் போட்டுத் துடைச்சேன். பாட்டை ரேடியோவுக்குக் கொண்டு போற ஒயர்ல உள்ள ரெண்டு கம்பி, சுத்தி இரைச்சலைத் தடுக்கிற கம்பி வலை. ரேடியோ பக்கம் வலை ஒழுங்கா பத்த வச்சிருக்கு, பெட்டி பக்கம் வலையை வெட்டி டேப் சுத்தி சும்மா விட்டிருக்கான். அரைகுறை வேலைன்னு வாய்விட்டே திட்டினேன், நானே பெட்டியோட கேஸுக்கு நீட்டா சால்டர் வச்சேன். மூணு தப்பு, மூணையும் ஒரே சாயங்காலத்துல, விசில் அடிச்சுக்கிட்டே செஞ்சேன்.

சனிக்கிழமை சாட்ஸ்வொர்த். மாட்டினேன், எடுத்து வச்ச போட்டோவைப் பாத்து ஒயரை அதே மாதிரி சேத்தேன். தாத்தா சீட்ல உக்காந்தாரு, ஆயா ஸ்டோப்ல, அதான் வீட்டு முன் திண்ணையில, நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க, பேரப்பிள்ளைங்க போன் கேமராவோட நிக்குதுங்க. சாவியைத் திருப்பினேன். கண்ணாடி ஃப்யூஸுக்குள்ள ஒரு மின்னல், அவ்வளவுதான்.

புது ஃப்யூஸ் போட்டு மறுபடி திருப்பினேன், இந்தத் தடவை ரெக்கார்டு உள்ள போடவே இல்ல. அதுவும் போச்சு. அங்கதான் கொஞ்சம் மூளை வேலை செஞ்சுது, ரெக்கார்டு உள்ள போனாத்தானே மோட்டார் சுவிட்ச் ஒட்டும், ரெக்கார்டு இல்லாமலே ஃப்யூஸ் போகுதுன்னா மோட்டார் மேல குத்தம் இல்ல, கரண்ட் வேற வழியில பாடிக்கு ஓடுது. நிமிந்து எஞ்சின் பக்கம் போய் பேட்டரியைப் பாத்தேன். பாடிக்குப் போற தடிச்ச பட்டை பிளஸ்ல இருந்து போகுது.

பாசிடிவ் எர்த். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார் முக்காவாசி அப்படித்தான், பாடி முழுக்க பிளஸ், ஒயர்ல வர்றது மைனஸ். எனக்கு இது தெரியாததில்ல, ரேடியோவோட பின்பக்க பிளக்கை எந்தப் பக்கம் திருப்பி மாட்டணும்னு நானே செக் பண்ணினேன். ஆனா பெட்டியோட கேஸ்ல இருந்து வர்ற கருப்பு ஒயரைப் பாத்ததும் அது எர்த்துன்னு மனசு முடிவு பண்ணிருச்சு. அந்தப் பெட்டி நெகடிவ் எர்த் காருக்காகச் செஞ்சது, உள்ள மோட்டார் சத்தத்தை அடக்குற கெப்பாசிட்டரோட மைனஸ் காலு நேரா கேஸ்லதான் இருக்கு. அப்ப இந்தக் கார்ல அந்தக் கேஸுக்கு ஃப்யூஸ் வழியா மைனஸ் வருது, பெட்டியோட சிவப்பு ஒயர்தான் பாடிக்குப் போகுது, பெட்டி மொத்தமும் லைவ். அந்த லைவ் பெட்டியை நான் ஸ்டீல் வாஷர் போட்டு பாடியில இறுக்கி வச்சிருக்கேன், அதுவும் ஸ்பிரிங் வாஷரோட, நல்லா காண்டாக்ட் ஆகட்டும்னு.

தோல் வாஷர் முட்டு இல்ல. இன்சுலேஷன்.

சரி, கழட்டு. தாத்தா வீட்டுல இருந்த பழைய ஷூ ஒண்ணோட நாக்கை வெட்டி எட்டு வாஷர் செஞ்சேன், கேரேஜ்ல ஒரு பழைய சைக்கிள் கிடந்துச்சு, அதோட வால்வ் ட்யூபை போல்ட்டுக்குப் போட்டேன். மீட்டர் வச்சு கேஸுக்கும் பிராக்கெட்டுக்கும் பாத்தேன், ஒட்டல, சுத்தமா தனி. நிம்மதியா ரேடியோ பிளக்கைச் சொருகி சாவியைத் திருப்பினேன். மூணாவது ஃப்யூஸும் போச்சு.

அப்ப தாத்தா சொன்ன வார்த்தையை இங்க எழுத முடியாது, ஆனா அது சுத்தமான தமிழ்.

மூணாவதுக்குக் காரணம் நான் நீட்டா வச்ச சால்டர். ஒயரோட வலை ரேடியோ பக்கம் ரேடியோ கேஸ்ல, அதாவது பாடியில, அதாவது பிளஸ்ல. நான் பெட்டி பக்கமும் அதே வலையை லைவ் கேஸோட சேத்துட்டேன். வாசக்கதவை அடைச்சிட்டு கொல்லைக்கதவைத் திறந்து வச்ச கதை. அந்த ஆள் வேணும்னேதான் ஒரு பக்கம் வெட்டி விட்டிருக்கான், கார்ட்ரிட்ஜோட ரெண்டு கம்பியையும் உள்ளயே தனித்தனியா ரேடியோவுக்குக் கொண்டு போய், வலையை ரேடியோ பக்கம் மட்டும் கட்டியிருக்கான். அப்படிக் கட்டினா இரைச்சலும் வராது, ஷார்ட்டும் ஆகாது. அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி எதுக்குன்னு இப்ப எனக்குச் சொல்லணுமா?

கையில ஃப்யூஸ் தீந்து போச்சு, சாப்பாட்டு நேரம். ஆயா பன்னி சோ, அதாவது குடைஞ்ச ரொட்டிக்குள்ள குழம்பு ஊத்தினது, வரவழைச்சிருந்தாங்க, ஸ்டோப்ல உக்காந்து பிச்சுச் சாப்பிட்டுக்கிட்டே தோல் வாஷர் கதையைச் சொன்னேன். தாத்தா மென்னுக்கிட்டே, "அதான், அப்பயும் அப்படித்தான் புகைஞ்சிச்சு"ன்னாரு.

எப்ப தாத்தா?

"வாங்கின அன்னிக்கி. வெள்ளிக்கிழமை கார் எடுத்தாந்தோம், வூட்டுக்கு வரதுக்குள்ள பொகை. அப்பா கத்தினாரு. ஞாயித்துக்கிழமை அந்த கேரேஜ்ல வேலை பண்ற பையன் ஒருத்தன், நம்ம ஆளு, கிளேர்வுட்ல இருந்தான், சைக்கிள்ல வந்தான். அப்பாவோட பழைய செருப்பைக் கேட்டு வாங்கி வெட்டினான். அந்த கேரேஜ்ல ஃபோர்மேன் வெள்ளைக்காரன், மாட்டினது அவன். நம்ம பையன் கேரேஜ் கணக்குல வெறும் கார் கழுவுறவன்."

ஏன் தாத்தா இதை முன்னாடியே சொல்லலன்னு கேட்டேன். "நீ கேக்கலியே தம்பி."

1956ல வந்த சட்டம் ஒண்ணு இருந்துச்சு இங்க, எந்த வேலையை எந்த நிறத்துக்காரன் செய்யலாம்னு அரசாங்கமே ஒதுக்கி வைக்கலாம்னு. அந்தப் பையன் பேர் தாத்தாவுக்கு ஞாபகம் இல்ல, கிளேர்வுட்ல எந்தத் தெருன்னு தெரியல. ஆனா அவன் வேலையை நான் இப்ப ஒயர் ஒயரா படிச்சிட்டேன். மோட்டாரோட ரெண்டு ஒயரையும் உள்ளயே மாத்திப் போட்டுட்டு கெப்பாசிட்டரைத் திருப்பி வச்சிருந்தா கேஸை லைவா விட வேண்டிய அவசியமே இருந்திருக்காது, அது இன்னும் நல்ல வழி. அதை ஏன் செய்யலன்னு யோசிச்சேன். மூடி ஸ்க்ரூ மேல பழைய அரக்கு சீல் துணுக்கு ஒண்ணு இருந்துச்சு. சீலை உடைச்சா கியாரண்டி போயிரும், அதுக்கு ஃபோர்மேன் கையெழுத்து வேணும். வெளிய இருந்தே என்ன செய்ய முடியுமோ அதைச் செஞ்சிருக்கான்னுதான் எனக்குத் தோணுது, செருப்புத் தோலும் வால்வ் ட்யூபும் பெயிண்ட்டும் வச்சு.

நான் இப்ப உள்ள திறந்து மாத்தலாம், என்னைத் தடுக்க யாரும் இல்ல. மாத்தல. காரை நெகடிவ் எர்த்துக்கு மாத்திருங்கன்னு சொல்றவங்களும் உண்டு, டைனமோவை மறுபடி போலரைஸ் பண்ணணும், அம்மீட்டர் ஒயரை மாத்தணும், ரேடியோ பிளக்கைத் திருப்பணும், அரை நாள் வேலைதான். தாத்தா வேணாம்னுட்டாரு. லைவ் கேஸ் நல்ல பழக்கம் இல்லைங்கறதும் உண்மை, சாவிக்கொத்து ஒண்ணு பெட்டிக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல விழுந்தா போதும். அதனால ஃப்யூஸை 2 ஆம்ப்புக்குக் குறைச்சேன், பக்கவாட்டுல ரப்பர் ஷீட் ஒட்டினேன், சால்டரை எடுத்துட்டு வலைக்கு மறுபடி டேப் சுத்தினேன். அப்புறம் சிவப்பு பெயிண்ட் வாங்கி அதே இடத்துல அதே பெருக்கல் குறி.

அடுத்த சனிக்கிழமை பாடிச்சு. முதல்ல போட்டது ஏதோ இங்கிலீஷ் டான்ஸ் ரெக்கார்டு, சுத்தமா இருந்துச்சு. தாத்தாவுக்கு அது வேணாம், அவங்கப்பாவோட தமிழ் ரெக்கார்டு வேணும். அங்க ஒரு புதுச் சிக்கல். இந்தப் பெட்டிக்கு நடுவுல 38 மில்லி பெரிய ஓட்டை இருக்கிற ரெக்கார்டுதான் ஆகும், இந்தியாவுல இருந்து வந்த இபின்னு சொல்ற சின்ன ரெக்கார்டு எல்லாம் ஏழு மில்லி சின்ன ஓட்டை. 1946லயே இந்தியா தென்னாப்பிரிக்காவோட வியாபாரத்தை நிறுத்திருச்சு, அதனால கடையில ஈஸியா கிடைக்கிற சாமான் இல்ல, கரஞ்சா கப்பல்ல ஊர் போய் வர்றவங்க பெட்டியில துணிக்கு நடுவுல வச்சு கொண்டு வந்ததும்பாரு தாத்தா. டிவி இந்த நாட்டுக்கு வந்ததே 1976 ஜனவரியில, நம்ம ஆளுங்களுக்குன்னு ரேடியோ லோட்டஸ் வந்தது 1983ல. 1961ல கார் ஓட்டிக்கிட்டே நெனச்ச நேரத்துல தமிழ்ப் பாட்டு கேக்கணும்னா இந்தப் பெட்டியை விட்டா வேற வழி இல்ல. அப்படி வந்து சேர்ந்த ரெக்கார்டை அவங்கப்பா மெல்லிய ரம்பத்தை வச்சு நடுவுல அறுத்திருக்காரு. பதினோரு ரெக்கார்டு, பதினொண்ணும் கையால அறுத்தது.

டி.எம்.எஸ் குரல் வந்துச்சு, ஆனா கடல்ல போற மாதிரி வந்துச்சு. ஒண்ணேகால் செகண்டுக்கு மேல கொஞ்சம், ஒரு தடவை ஏறும், இறங்கும், அவர் பாடாத கமகம் எல்லாம் கேக்குது. ஸ்பீடு தப்பில்ல, நிமிஷத்துக்கு 45ன்னா ஒரு சுத்துக்கு 1.33 செகண்ட், ஆட்டமும் அதே கணக்குலதான் வருது, அப்ப ஓட்டை நடுவுல இல்லன்னு அர்த்தம். அளந்தேன், ஒண்ணரை மில்லி தள்ளி. கேக்க சின்ன அளவுதான், ஆனா ஊசி நடு ரெக்கார்டுல, மையத்துல இருந்து 70 மில்லி தூரத்துல ஓடும்போது அது ரெண்டு சதவீதம் வேகம் கூடிக் குறையும், ஒரு அரை ஸ்வரத்துல மூணுல ஒரு பங்கு மேல, அதே அளவு கீழ.

இதுக்குப் புது வட்டம் ஒண்ணும் செய்யல. மூடி இல்லாம பெஞ்ச்ல ஓட விட்டு, கை எந்தப் பக்கம் அதிகமா வெளிய போகுதுன்னு பாத்து அங்க லேபிள்ல பென்சில் புள்ளி வச்சேன். ஓட்டை விளிம்புல ஒரு பக்கம் அரை வட்ட அரம், எதிர்ப்பக்கம் பிளாஸ்டிக் டேப் அடுக்கு. ஒரு இழுப்பு, ஒரு அடுக்கு, ஓட விட்டுப் பாரு, மறுபடி ஒரு இழுப்பு. ஒரு ரெக்கார்டுக்கு நாப்பது நிமிஷம் ஆகுது. பிளாஸ்டிக் துகள் பள்ளத்துக்குள்ள போகாம இருக்க பாட்டு ஓடுற இடம் முழுக்க கிளிங் ஃபிலிம் ஒட்டிக்கிட்டுதான் அரம் பிடிக்கணும், முதல் ரெக்கார்டுல இதைச் செய்யாம விட்டு இன்னைக்கும் அதுல கரகரன்னு கேக்குது. ஆறு முடிச்சிட்டேன், அஞ்சு பாக்கி.

ஆறாவது ஒரு முருகன் பாட்டு. அதைப் போட்டுக்கிட்டு உம்கேனி ரோடு கோயிலுக்குப் போய் வந்தோம், தாத்தா ஓட்டினாரு, ஆயா முன் சீட்ல நடுவுல, நான் ஓரத்துல முட்டியை மடக்கிக்கிட்டு, தப்பித் தவறி கால் பெட்டியில படக்கூடாதுன்னு. ஹிக்கின்சன் ஹைவேயில ஒரு துள்ளல் இல்ல. கோயில் பக்கம் ஸ்பீட் ஹம்ப்ல மட்டும் ஒரு வரி ரெண்டு தடவை வந்துச்சு, ஆயா ரெண்டாவது தடவையும் கூடவே பாடினாங்க.

திரும்பி வரும்போது மழை. இந்தக் கார்ல வைப்பர் எஞ்சின் உறிஞ்சற காத்துல ஓடுறது, மேடு ஏறி ஆக்சிலரேட்டரை மிதிச்சா வைப்பர் நின்னுரும். தாத்தா காலை எடுத்து எடுத்து மிதிச்சாரு, வைப்பர் ஒரு வீச்சு, கார் ஒரு அடி. அடுத்து அதைப் பாக்கணும்னாரு. அஞ்சு ரெக்கார்டு முடியட்டும் தாத்தான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.